பதினாலாம் எண் போட்டோ

"உங்க அப்பா பேரு இதுல இல்லையேம்மா," என்றார் அனந்தலக்ஷ்மி.

ஜக்கம்மாளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. விசாரணை அதிகாரி சின்ன வயதுக்காரர். அவசரத்தில் ஒரு வரியை விட்டிருப்பார் என்று நினைத்தாள். தானே எழுந்து தாளைத் தன் பக்கம் திருப்பி, ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வரை விரலை வைத்துக்கொண்டே போனாள். பொம்மையன் இல்லை. கீழிருந்து மேலே வந்தாள். அப்போதும் இல்லை. பதினாலாம் எண்ணுக்கு நேராக மல்லப்பன் என்று இருந்தது.

"போட்டோவைப் பாருங்க மேடம். பதினாலுன்னு சிலேட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது எங்க அப்பாதான். இடது புருவத்துல வெட்டு தெரியுதுல்ல? சாகுற வரைக்கும் அது இருந்துச்சு."

"போட்டோவுல இருக்கிறது உங்க அப்பான்னு நீங்க சொல்றீங்க. தாளு மல்லப்பன்னு சொல்லுது. நான் எதை எழுத முடியும்?"

அந்தத் தாளையும் போட்டோவையும் கொண்டுவந்து கொடுத்ததே ஜக்கம்மாள்தான்.

பசுமலையில் ஒரு கல்லூரியின் பழைய ஆவண அறையில் அவள் உதவியாளர். முப்பத்தைந்து வருஷம். காகிதங்களில் குத்தியிருக்கும் துருப்பிடித்த குண்டூசிகளைப் பிய்க்காமல் கழற்றுவதும், பெட்டிகளில் ரசகற்பூர உருண்டை மாற்றுவதும், கேட்ட கட்டைக் கேட்ட நேரத்தில் எடுத்துத் தருவதும் வேலை. கழற்றிய ஊசிகளை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவைப்பாள். அது மூன்றாவது பாட்டில். இந்து காட்டுநாயக்கன், பழங்குடியினர் என்று எண்பத்தெட்டில் தாசில்தார் கொடுத்த சான்றிதழில் கிடைத்த வேலை. ஜூன் முப்பதாம் தேதி ஓய்வு. அதற்கு நாலு மாதம் இருக்கும்போது, சான்றிதழ் உண்மைதானா என்று சரிபார்க்க வேண்டும், ஆஜராகவும் என்று கடிதம் வந்தது. பொய் என்று முடிவானால் ஓய்வூதியம் கிடையாது. அதோடு போகாது. அவள் சான்றிதழைக் காட்டித்தான் மகள் பிரியம்வதா சான்றிதழ் வாங்கி, தேனிப்பக்கம் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள். அடி விழுந்தால் இரண்டு பேருக்கும் விழும்.

முதல் விசாரணையிலேயே அனந்தலக்ஷ்மி அச்சடித்த கேள்வித்தாளை வைத்துக்கொண்டு, "தேன் எடுக்கத் தெரியுமா?" என்று கேட்டிருந்தார்.

"ரேஷன் கடையில சீனி எடுக்கத் தெரியும் மேடம்."

அவர் சிரிக்கவில்லை. "மலையில இருக்கிறவங்களுக்குப் போட்ட கேள்வி. எனக்குத் தெரியுது. ஆனா நீங்க சமவெளியில இருக்கீங்க. உங்க அப்பா காலத்துக் காகிதம் ஏதாச்சும் இருந்தா கொண்டாங்க," என்றார்.

அப்பா காலத்துக் காகிதம் எங்கே இருக்கிறது என்று ஜக்கம்மாளுக்குத் தெரியும். ஒன்பதாம் பெட்டி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலில் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் பனையடிக் கண்மாய்க்கரைக்குப் போய், அங்கே குடிசை போட்டிருந்த இருபத்திரண்டு பேரையும் காட்டுநாயக்கர் என்று குறித்து, வரிசையாக நிறுத்தி, தலைச் சுற்றளவு, மூக்கு அகலம் எல்லாம் அளந்து, ஆளுக்கு ஒரு எண்ணைச் சிலேட்டில் எழுதிக் கையில் கொடுத்துப் படம் பிடித்திருந்தார். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷமே அந்த உறையைத் திறந்து அப்பாவைப் பார்த்துவிட்டாள். ஒன்பது வயசு, சட்டையில்லாத உடம்பு, புருவத்தில் வெட்டு. யாரிடமும் சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒரு முறை, ரசகற்பூரம் மாற்றும் நாளில், எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள். கூட இருந்த தாள் ஆங்கிலத்தில் நுணுக்கி எழுதியது. அதை அவள் வாசித்ததில்லை. வாசிக்கத் தோன்றவும் இல்லை. அப்பா முகமே இருக்கும்போது தாள் எதற்கு? நூலகர் இம்மானுவேல் சாரிடம் நகலுக்குக் கையெழுத்து வாங்கி, மொத்தமாகக் கொண்டுபோய் நீட்டிவிட்டாள். அதிகாரியின் அலுவலகத்தில் அதைத் தமிழில் தட்டச்சு செய்து இணைத்திருந்தார்கள்.

"உள்ளதைச் சொல்றேன். இந்தத் தாள் மேலேயே எனக்கு நம்பிக்கை இல்ல," என்றார் அனந்தலக்ஷ்மி. "அஞ்சு வயசுப் பிள்ளைக்குப் பெரிய சென்னம்மான்னு பேரு போட்டிருக்கு. குழந்தையை ஒருத்தி வச்சிருக்கா, அவளுக்குப் பக்கத்து எண் யாரோ ஒரு கிழவர். எடுத்தவரே ஓரத்துல எழுதி வச்சிருக்காரு, குடும்ப வரிசை விளங்கவில்லைன்னு. ஒரு மாசம் டைம் தரேன். வேற ஏதாச்சும் பாருங்க."

பழங்காநத்தத்தில் வீட்டுக்கு வந்தும் ஜக்கம்மாளுக்கு உட்கார முடியவில்லை. கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினாள். குடத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழாயில் தண்ணீர் நின்றுபோனது ஞாபகம் வந்து தலையில் அடித்துக்கொண்டாள். வீட்டுக்காரர் தங்கப்பாண்டி ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவர், வெறுங்குடத்தைப் பார்த்தார்.

"யாரு உன்னைக் குடுக்கச் சொன்னா? அவுக கேட்டது ஒரு காகிதம். நீ பெட்டியையே தூக்கிட்டுப் போயி குடுத்திருக்க."

"எங்க அப்பா படம் இருக்கேன்னு குடுத்தேன்."

"முப்பத்தஞ்சு வருசமா குண்டூசி புடுங்குனியே, ஒரு நாளு அந்தத் தாளை எட்டிப் பாத்தியா?"

"நீங்க மட்டும் மீட்டரைப் பாத்தா ஓட்டுறீங்க?"

அவர் குடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெரு அடிகுழாய்க்குப் போனார். திரும்பி வந்து இறக்கிவைத்துவிட்டுச் சொன்னார்: "கோர்ட்டுப் பக்கம் பால்பாண்டின்னு நோட்டரி வக்கீல் ஒருத்தர் இருக்காரு. நம்ம ஸ்டாண்டு ஆளுகளுக்கு அவருதான் எல்லாம். பொம்மையன் என்கிற மல்லப்பன், ரெண்டும் ஒரே ஆளுன்னு பத்திரத்துல அடிச்சுக் குடுப்பாரு. நீ கையெழுத்துப் போட்டா முடிஞ்சது."

மறுநாளே பத்திரம் வந்துவிட்டது. பச்சைத்தாளில் சுத்தமாக அடித்திருந்தார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. ஜக்கம்மாள் பேனாவை எடுத்தாள். மல்லப்பன் யார் என்று தெரியாமல் அப்பாவுக்கு அந்தப் பேரை மாட்டுவதா என்று ஒரு உறுத்தல். மூடிவைத்தாள். மூன்று நாள் அந்தப் பத்திரம் அவளுடைய சாப்பாட்டுப் பையில், டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் கல்லூரிக்குப் போய்ப் போய் வந்தது. ஒரு மூலையில் சாம்பார்கூடப் பட்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தங்கப்பாண்டி ஆட்டோவிலேயே கண்மாய்க்கரைக்குப் போனார்கள். குடிசைகள் போய்ப் பன்னிரண்டு காங்கிரீட் வீடுகள். பின்னால் பன்றிக் கொட்டில்கள். கண்மாயின் மேல்பக்கம் பைபாஸ் ரோடு. அப்பாவின் தங்கை குருவம்மா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, உள்ளே ஓடிய டி.வி. தொடரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபத்தாறு வயசு. கண் நன்றாகத் தெரியும், காதும் தேவையானபோது கேட்கும்.

"வா மாப்ள. என்னடி ஜக்கு, ஆடிக்குத்தான வருவ? பங்குனியிலயே வந்து நிக்கிற?"

ஜக்கம்மாள் போட்டோ நகல்களை மடியில் வைத்தாள். குருவம்மா ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்து பதினேழில் நின்றாள்.

"யாருடி இந்த மூக்கொழுகி?"

"நீதான் அத்தை."

"நானா?" தூரத்தில் பிடித்துப் பார்த்தாள், கிட்டத்தில் பார்த்தாள். "அட, ஆமா. அந்தப் பாவாடை என்னது இல்ல. அடுத்த வீட்டுக்காரி மகளோடது. படம் புடிச்ச கையோட அவுத்து வாங்கிட்டா, சிறுக்கி."

அதற்குள் பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் கூடிவிட்டார்கள். போட்டோ கைமாறிக் கைமாறிப் போனது. ஒருத்தி தன் மாமனாரைக் கண்டுபிடித்து, இளவட்டத்தில் இம்புட்டு அழகா என்று சிரித்தாள். தங்கப்பாண்டி, பார்த்துப் பார்த்து, கசக்கிறாதீங்க என்று பின்னாலேயே திரிந்தார்.

"பேருதான் அத்தை எல்லாம் மாறிக் கிடக்கு. கேளு," என்று ஜக்கம்மாள் தட்டச்சுத் தாளை எடுத்து வாசித்தாள். "ஓபயன். எர்ரப்பன். பெரிய அங்கம்மா. மூக்கன்."

ஐந்தாவது பெயரை வாசிக்கும்போது குரல் தானாக ஒரு இழுப்பு இழுத்தது. ஆறாவதைச் சொல்லிவிட்டுத்தான் தாளைப் பார்த்தாள். தாளிலும் அதுவே இருந்தது. ஏழாவதற்குப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் மண்ணை அளைந்துகொண்டிருந்த நாலு வயசுப் பெண்பிள்ளை, தலையைத் தூக்காமல், "வந்து குடி" என்றது.

ஜக்கம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆடிக் கடைசி ஞாயிறு மத்தியானம், வேப்பமரத்தடியில் அந்த வகையறாவில் செத்தவர்கள் எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஒரு பேருக்கு ஒரு அகப்பைக் கம்பங்கூழ் மண்ணில் ஊற்ற, கூடியிருப்பவர்கள் "வந்து குடி" என்று சொல்ல வேண்டும். விவரம் தெரிந்த நாளிலிருந்து ஜக்கம்மாள் வருஷம் தவறாமல் சொல்லியிருக்கிறாள். காதுக்கு மட்டுமே பழக்கமான பேர்கள். அதிகாரியின் மேசையில் தட்டச்சு எழுத்தில் கிடந்தபோது, அப்பா பேரைத் தேடிய அவசரத்தில், ஒன்றைக்கூட அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"நிறுத்துடி!" குருவம்மா தாளைத் தட்டிவிட்டாள். "ஆடி பொறக்காமக் கூப்பிட்டா வந்து நிப்பாக. என்னத்தைக் குடுப்ப? பன்னித் தொட்டித் தண்ணியவா?" சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, மறுபடி சிரிப்பானது. "உன் தாத்தன், எங்க அய்யா செஞ்ச வேலைடி. அம்புட்டும் செத்தவக பேரு."

"எதுக்கு அத்தை?"

"அப்பெல்லாம் சுத்துப்பட்டுல எவன் வீட்டு ஆடு காணாமப் போனாலும் போலீசு நேரா இங்கதான் வரும். நோட்டுல பேர் இருந்தா அவனைத் தூக்கிட்டுப் போவான். அதனால நோட்டோட எவன் வந்தாலும் எங்க அய்யா செத்தவக பேரைச் சொல்லிருவாரு. செத்தவனை எந்தப் போலீசு வந்து புடிப்பான்?"

"வந்தவரு வாத்தியாருல்ல?"

"நோட்டு வச்சிருந்தாருல்ல?" என்றாள் குருவம்மா. "ஆடிக்குக் கூப்பிடுற வரிசைதான் எங்க அய்யா வாயில நிக்கும். ஆம்பளைப் பேரு வர்ற இடத்துல ஆம்பளைய நிறுத்தினாரு, பொம்பளைப் பேரு வர்ற இடத்துல பொம்பளைய நிறுத்தினாரு. புருசன் எங்க நின்னான், பிள்ளை எங்க நின்னுச்சுன்னு எவன் பாத்தான்? அஞ்சு வயசுல எனக்குக் கிழவி பேரு. ஒரு வாரம் எங்க அண்ணன் என்னைய 'ஏ கிழவி'ன்னுதான் கூப்பிட்டான்."

"மல்லப்பன் யாரு?"

"எங்க பெரியப்பா. பாம்பு கடிச்சுச் செத்தவரு."

தங்கப்பாண்டி பையைப் பார்த்தார். பையில் பத்திரம் இருந்தது. ஜக்கம்மாள் அவர் பார்ப்பதைப் பார்த்தாள்.

போட்டோக்களை வாங்கி அடுக்கும்போது குருவம்மாவின் முகம் மாறியிருந்தது. "இதை யாரைக் கேட்டுடி ஆபீசுல குடுத்த?"

"எங்க அப்பா படம் அத்தை."

"ஒண்ணு உங்கப்பா. மிச்சம் இருபத்தொண்ணு?"

முப்பத்தைந்து வருஷம் உறையைத் திறந்து திறந்து மூடியவள், அதில் இன்னும் இருபத்தொரு வீட்டு முகம் இருப்பதை ஒரு பேச்சுக்குக்கூட இங்கே வந்து சொன்னதில்லை. அடுத்த வாரம் ஒன்பதாம் பெட்டி ஸ்கேனிங்குக்குப் போகப்போகிறது, மூக்கு அளவோடு சேர்த்து இணையத்தில் ஏற்றப்போகிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். அதையும் அப்போதுதான் மெதுவாகச் சொன்னாள்.

"எங்க மூக்கு எம்புட்டு அகலம்னு ஊரு உலகம் எதுக்குடி பாக்கணும்?" என்றாள் குருவம்மா. ஆட்டோ வரை வழியனுப்ப வரவில்லை.

மறுவாரம் அதிகாரியிடம் போனாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அனந்தலக்ஷ்மி பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப உங்க ஆளுங்க பொய் சொன்னாங்கன்னு நீங்களே சொல்றீங்க."

"ஆமா மேடம்."

"பொய்யான தாளை வச்சு உங்களை உண்மைன்னு நான் எப்படிம்மா எழுதறது? நீங்க இப்ப சொல்றதும் பொய் இல்லைன்னு யாரு சொல்றது?"

ஜக்கம்மாள் போட்டோக்களை மேசையில் பரப்பினாள். ஆவண அறையில் செய்வதுபோல் மூலை மடங்காமல், எண் வரிசையாக. "தாளைப் பாக்காம ஆளை மட்டும் பாருங்க. ரெண்டு ஆம்பளை, ஒரு பொம்பளை, ஒரு ஆம்பளை. கைப்பிள்ளைக்காரிக்குப் பக்கத்துல யாரோ ஒரு கிழவர். படம் புடிக்க எவனாச்சும் இப்படி நிப்பானா? பேரு வந்த வரிசையில ஆளை நிறுத்தியிருக்காங்க. அதே வரிசையிலதான் இன்னைக்கும் ஆடிக்குக் கூப்பிடுறோம்."

அனந்தலக்ஷ்மி எழுந்து நின்று மேலிருந்து பார்த்தார். ஓரத்தில் பேராசிரியர் எழுதியிருந்த குறிப்பை இன்னொரு முறை வாசித்தார். அவர் குரலில் முதல் தடவையாக ஒரு வேகம் வந்தது. "அடுத்த புதன்கிழமை வீடியோகிராபரோட வரேன். கூப்பிடச் சொல்லுங்க. பதிவு பண்ணி இணைச்சிட்டா இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. உங்க ரிடையர்மென்ட்டுக்கு முன்னாடியே முடிச்சிடலாம்."

ஜக்கம்மாள் அன்று சாயங்காலமே டவுன் பஸ் பிடித்துக் கண்மாய்க்கரைக்கு ஓடினாள். குருவம்மா பன்றிக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தாள்.

"ஏண்டி, உன் ரிட்டயர்டு தேதிக்குச் செத்தவக லீவு போட்டுட்டு வருவாகளா?"

"ஒரு தடவை அத்தை. பிள்ளை வேலையும் போயிரும்."

குருவம்மா தவிட்டுக் கையோடு நிமிர்ந்தாள். "ஆடிக்கு வரச் சொல்லு. வேடிக்கை பாக்கட்டும். போனு கூடாது, பேனா கூடாது. உசுரோட இருக்கிறவக பேரை நோட்டுக்குத் தர மாட்டோம்னுதான் எங்க அய்யா இவுக பேரைக் குடுத்தாரு. இப்ப இவுகளையும் படம் புடிச்சுக்கிட்டுப் போனா எங்களுக்குன்னு என்னடி இருக்கு?"

அதற்குமேல் ஜக்கம்மாள் கெஞ்சவில்லை. கோபம் இருந்தது. பஸ்ஸில் இடம் கிடைத்தும் பழங்காநத்தம் வரை நின்றுகொண்டே வந்தாள். வீட்டில் தங்கப்பாண்டி பத்திரத்தை எடுத்துத் தரையில் விரித்தார்.

"இந்தா, போடு. ஒரு கையெழுத்து. ஆடியும் வேணாம் ஆவணியும் வேணாம்."

"போட்டா ரெண்டு பேரும் ஒரே ஆளாயிருவாங்க."

"ஆனா என்ன? ரெண்டு பேரும் செத்துத்தான போனாக?"

"மல்லப்பனுக்கு ஒரு அகப்பை, எங்கப்பாவுக்கு ஒரு அகப்பை. அப்புறம் யாருக்குக் கூழு இல்லைங்கிறது?" என்றாள். சொன்ன பிறகு அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாகக் கேட்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. ஓய்வூதியத்துக்கு எதிரே ஒரு அகப்பைக் கூழ். தங்கப்பாண்டி அவளை உற்றுப் பார்த்துவிட்டு, பத்திரத்தை மடித்து அரிசி டிரம்மின் அடியில் சொருகினார். கிழிக்கவில்லை. அவருக்கும் பயம் இருந்தது.

ஜூன் முப்பதில் கல்லூரியில் சால்வை போட்டார்கள், பாதாம் கேக்கும் மிக்சரும் கொடுத்தார்கள். பாராட்டிப் பேசியவர் அவளை ஜெகதாம்பாள் என்றே மூன்று முறை சொன்னார். ஓய்வூதியக் கோப்பு மட்டும், சான்றிதழ் சரிபார்ப்பு நிலுவையில் என்ற குறிப்போடு, நகரவில்லை. அவள் குண்டூசி பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு இம்மானுவேல் சாரின் மேசைக்குப் போனாள்.

"சார், ஒன்பதாம் பெட்டியை மட்டும் ஏத்தாம வைங்க. ஆடி முடியட்டும்."

"ஜக்கம்மா, ப்ராஜெக்ட்டுல தேதி போட்டிருக்கு. ஒரு பெட்டியை நிறுத்த விதியில இடம் இல்ல."

"குண்டூசியைக் கழட்டணும்னுகூட விதியில இல்ல சார். கழட்டுனேன்."

அவர் பாட்டிலைப் பார்த்தார். "ஆடி வரைக்கும்தான்," என்றார்.

ஜூலை மாதம் போவேனா என்றது. வேலைக்குப் போகாத கால்களுக்கு வீட்டில் இடம் போதவில்லை. காலை எட்டு மணிக்கு டிபன் பாக்ஸைக் கட்டிவிட்டு, எங்கே போவது என்று தெரியாமல் நிற்பாள். மகள் தினமும் போனில், "லெட்டர் வந்துச்சாம்மா?" என்பாள். அதிகாரிக்கு மாற்றல் வந்துவிட்டது என்று ஒருவர் சொன்னார். இல்லை, லீவில் இருக்கிறார் என்றார் இன்னொருவர். அனந்தலக்ஷ்மிக்கு மூன்று முறை போன் செய்தாள். எடுக்கவில்லை. தேதியும் நேரமும் எழுதி ஒரு தபால் அட்டை போட்டாள்.

ஆடிக் கடைசி ஞாயிறு பதினோரு மணிக்கு, கண்மாய்க்கரை பஸ் நிறுத்தத்தில் அனந்தலக்ஷ்மி தனியாக இறங்கினார். ஜீப் இல்லை. எதிரே ஓடிவந்த ஜக்கம்மாளிடம், "மாற்றல் வந்திருச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள அறிக்கை எழுதிட்டுத்தான் போகணும்," என்றார். போனை அணைத்துக் குருவம்மாவின் கையில் கொடுத்தார். பேனாவையும் கொடுத்தார். தாளை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"அதுல இருக்கிறது எங்க அய்யா குடுத்ததுதான? வச்சுக்க," என்றாள் குருவம்மா. போனை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

வெயில் நேராக அடித்தது. வேப்பமரத்தடியில் ஐம்பது அறுபது பேர். கூழ்ப்பானையில் ஈ மொய்த்தது. குருவம்மா முதல் பேரைக் கூப்பிட்டாள். அகப்பை கவிழ்ந்தது. "வந்து குடி."

அனந்தலக்ஷ்மி தாளில் முதல் வரியில் விரலை வைத்தார்.

இரண்டு. மூன்று. விரல் இறங்கிக்கொண்டே வந்தது. ஜக்கம்மாள் கூழையும் பார்க்கவில்லை, அத்தையையும் பார்க்கவில்லை. அந்த விரலையே பார்த்தாள். ஒன்பதாவது பேருக்குக் குருவம்மா மூச்சு வாங்க நின்றாள். வயசானவள், மறந்துவிட்டாளோ? அதற்குள், வெயிலில் சலித்துப்போய்த் தாயின் சேலையைச் சப்பிக்கொண்டிருந்த அந்த நாலு வயசுப் பிள்ளை, ஒன்பதாவது பேரைத் தானே சொல்லி, "வந்து குடி"யையும் தானே சொல்லிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். "உன் வயசுல நான் கிழவிடி," என்றாள் குருவம்மா. அனந்தலக்ஷ்மி தலையைத் தூக்கி அந்தப் பிள்ளையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

பதினாலு, மல்லப்பன். பதினேழு, பெரிய சென்னம்மா. இருபத்திரண்டு.

தாள் முடிந்துவிட்டது. விரல் கடைசி வரிக்குக் கீழே வெற்றிடத்தில் நின்றது. குருவம்மா நிறுத்தவில்லை. இருபத்து மூன்று, இருபத்து நாலு. பேராசிரியர் வந்த நாளில் சிலேட்டோடு நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் சொந்தப் பேரில் வர ஆரம்பித்தார்கள். பட்டியல் கொடுத்த அய்யா வந்தார். கைப்பிள்ளைக்காரி வந்தாள். அனந்தலக்ஷ்மி தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, பிறகு வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார்.

"பொம்மையன்," என்று கூப்பிட்டாள் குருவம்மா.

"வந்து குடி," என்றாள் ஜக்கம்மாள். மற்றவர்களுக்கு ஒரு நொடி முந்திவிட்டது.

பஸ் நிறுத்தத்தில் அனந்தலக்ஷ்மி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "பொருந்துதுன்னு எழுதுவேன். என் கண்ணால பார்த்தேன்னு எழுதுவேன். ஆனா இணைப்பு எங்கேன்னு கேப்பாங்க. என்னத்தை இணைக்கறது?"

"பேரை எழுதாதீங்க மேடம்."

"எழுத மாட்டேன். பேனாதான் உங்க அத்தைகிட்ட இருக்கே." அப்போதுதான் போன் ஞாபகமும் வந்தது. ஜக்கம்மாள் ஓடிப்போய் இரண்டையும் வாங்கிவந்தாள். போனில் கூழ் ஒட்டியிருந்தது.

அறிக்கை வெள்ளிக்கிழமை போனது. சான்றிதழ் உண்மையானது எனப் பரிந்துரை, இணைப்பு ஏதுமில்லை. அதை முடிவு செய்யும் சரிபார்ப்புக் குழுவில் மூன்று கையெழுத்து வேண்டும். ஐப்பசி பிறந்தபோது இரண்டு விழுந்திருந்தது. மூன்றாமவர் ஊரில் இல்லை என்றார்கள். பத்திரம் இன்னும் அரிசி டிரம்முக்கு அடியில்தான் இருக்கிறது. பெருக்குவதற்காக டிரம்மை நகர்த்தும்போது ஜக்கம்மாள் அதை எடுத்து வைத்துவிட்டு, பெருக்கி முடித்ததும் அங்கேயே சொருகிவிடுவாள்.

ஒரு நாள் காலை டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு பசுமலைக்குப் போனாள். இருபத்திரண்டு போட்டோவுக்கும் ஒரு செட் நகல், கண்மாய்க்கரைக்காக, கேட்டு வாங்கினாள். பிறகு ஒரு வெள்ளைத்தாளில் தன் கையெழுத்தில் எழுதி இம்மானுவேல் சாரிடம் நீட்டினாள்.

இந்தத் தாளில் உள்ளவை அப்போது இறந்திருந்தவர்களின் பெயர்கள். படத்தில் இருப்பவர்கள் வேறு. அவர்கள் பெயர் தெரிய வேண்டுமானால் ஆடிக் கடைசி ஞாயிறு பனையடிக் கண்மாய்க்கரைக்கு வரவும். அங்கே கேட்காமல் இணையத்தில் ஏற்றக் கூடாது. பேனா, போன் கொண்டுவரக் கூடாது.

அவர் இரண்டு முறை வாசித்தார். "கடைசி வரி வேணுமா?"

"அதுதான் சார் முக்கியம்."

அவர் மேசை இழுப்பறையிலிருந்து முத்திரையை எடுத்து, தாளின் மேல் மூலையில் குத்தி, எண் போட்டார்: பெட்டி ஒன்பது, இருபத்து மூன்று. உறையோடு சேர்த்துவைக்கக் குண்டூசியை எடுத்தார்.

"சார், ஊசி வேணாம். துருப்பிடிக்கும்," என்று ஜக்கம்மாள் பையிலிருந்து நூல்கண்டை எடுத்தாள்.